தூதருக்கு மீன் தலை

தூதர் வேலையைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குப் பெரிய மயக்கம் இருக்கிறது. எங்கள் தாரவாத் தீவில் அது முக்கால்வாசி விமானத்துக்குக் காத்திருக்கும் வேலை. வாரத்துக்கு இரண்டு விமானம் என்பார்கள். ஒன்று வந்தால் அதிர்ஷ்டம். கோட்டு போட்ட ஒருவர் வியர்த்துக்கொண்டே இறங்குவார். அவர் தலையில் பூவளையம் வைத்து, கையில் இளநீரைக் கொடுத்து, "ஐயா, அந்தக் கோட்டைக் கழற்றிவிடுங்கள், ஜனாதிபதியும் போடமாட்டார்" என்று காதோடு சொல்ல ஓர் ஆள் வேண்டும். பல வருடங்களாக அந்த ஆள் நான்தான்.

இன்ஸ்பெக்டர் தம்பி, நீங்கள் வேகமாக எழுத வேண்டாம். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பெரிய நாடுகள் எங்களைப் போன்ற நாட்டுக்கென்று தனியாகத் தூதர் வைப்பதில்லை. பிஜியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் நாலைந்து தீவு நாடுகளை ஒரே கொத்தாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அவர் பதவி ஏற்றதும் ஒருமுறை வந்து ஜனாதிபதியிடம் நியமனப் பத்திரத்தை நீட்டுவார். மாற்றலாகும்போது ஒருமுறை வந்து கைகொடுத்துவிட்டுப் போவார். நடுவில் அப்படி ஒரு நாடு எங்கள் தீவில் எங்கே இருந்தது என்று கேட்டால், என் வீட்டில் இருந்தது. கௌரவ கன்சல், அதாவது அந்த நாட்டின் உள்ளூர்ப் பிரதிநிதி என்று எனக்குப் பெயர். சம்பளம் கிடையாது. வாசலில் ஒரு பித்தளைப் பலகை, ஒரு முத்திரை, ஒரு கொடி. அரிசியும் டின் இறைச்சியும் புகையிலையும் விற்கிற கடைக்கு மேலே அந்தக் கொடி பறக்கும். என் மனைவி தெகோரா கேலி செய்வாள்: "அந்த நாட்டு ராசா வந்தா எங்க உக்கார வைப்ப? புகையில மூட்டை மேலயா?"

கேலி செய்தாலும், கொடியைச் சோப்பு போட்டுத் துவைத்து நிழலில் காயவைப்பவள் அவள்தான்.

நம் பையன்கள் அந்த நாட்டுச் சரக்குக் கப்பல்களில் வேலைக்குப் போகிறார்கள் அல்லவா, அவர்களுடைய காகிதம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போனது. கப்பலில் செத்தவர்களின் பெட்டியும் என் வழியாகத்தான் வந்தது. உங்கள் அப்பாவுடைய பெட்டிக்கு விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். அதை ஞாபகப்படுத்தி உங்களிடம் சலுகை கேட்கவில்லை. இந்த வேலையில் நான் எப்படி இருந்தேன் என்பது பதிவில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இனி ரூகா.

அவன் நிஜப் பெயர் லூகாஸ். நம் நாக்குக்கு அது ஒத்துவரவில்லை, ரூகா ஆகிவிட்டான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொண்டனாக அந்த நாட்டிலிருந்து வந்தான். மெலிந்த உடம்பு, வெயிலில் உரிந்த மூக்கு. தங்க இடமில்லை என்று கன்சல் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மூன்று வருடம் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவனுக்கு ஓடம் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன், தூண்டில் கட்டக் கற்றுக்கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊரில் பிறந்தவன் எவனும் மீனைத் தொடுவதற்கு முன் கேட்கும் கேள்வியைக் கற்றுக்கொடுத்தேன்: இது எந்தப் பக்கத்து மீன்?

வெளியாட்களுக்கு இது விளங்காது. ஒரே மீன், ஒரே கடல். வடக்கு வாயில், அதாவது பாறைத்திட்டின் வடக்குத் திறப்பில் பிடித்தால் விருந்து. துறைமுகத்துக்கு வெளியே பழைய கப்பல் மூழ்கிக் கிடக்கும் பாறையில் பிடித்தால் விஷம். வேகவைத்தாலும் போகாது, உப்பில் போட்டாலும் போகாது, வாசனையிலும் தெரியாது. பெரிய மீன் என்றால் அதிகம். அதிலும் தலையிலும் ஈரலிலும் அதிகம். தட்டுக்கு வந்துவிட்டால் பிடித்தவன் வாய்ச்சொல்லைத் தவிர அதைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. அதனால்தான் நம் ஊரில் எதில் வேண்டுமானாலும் பொய் சொல்வார்கள், மீனில் சொல்லமாட்டார்கள்.

அவன் ஊருக்குத் திரும்பும் முன் முறைப்படி தத்து எடுத்தோம். எண்ணெய் தடவி, மாலை வைத்து, மனேபாவில் பெரியவர்கள் முன்னால் அவனை எங்கள் இடத்தில் உட்காரவைத்தோம். மனேபா என்பது கூரை மட்டும் இருக்கும் ஊர்க்கூடம்தான். ஆனால் அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம். அந்த இடத்தின் முன்பாயில் குடும்பத்தின் மூத்தவன் உட்காருவான். அவன்தான் பேசுவான். பின்னால் இருப்பவர்களுக்கு வாய் கிடையாது. என் அப்பாவுக்குப் பிறகு எங்கள் முன்பாய் எனக்கு. ரூகாவை எனக்குப் பின்னால் உட்காரவைத்தேன். அழுதான். தெகோராவும் அழுதாள். நான் அழவில்லை.

பிறகு அவன் வெளியுறவுத் துறையில் சேர்ந்தான். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் பேசுவான். இடையில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். திடீரென்று எல்லாருக்கும் நம் தீவு மேல் பாசம் வந்துவிட்டது. ஒரு நாடு வந்து கட்டடம் கட்டினால் இன்னொன்று அதைவிட உயரமாகக் கட்டுகிறது. என்னுடைய நாடும் இங்கே முழுத் தூதரகம் திறந்து, இங்கேயே குடியிருக்கும் தூதரை வைப்பதாக முடிவு செய்தது. என்னுடைய நாடு என்று சொல்லிவிட்டேன். பழக்க தோஷம்.

அதை நான் ரேடியோவில் கேட்டேன். கடையில் ஒருத்திக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன். தூதரின் பெயரைச் சொன்னார்கள். அவள் கைகொட்டினாள்.

"ஏ பவுரோ, உன் மகன்தானே! சொல்லவே இல்லையே நீ! பெரிய ஆளுய்யா, எவ்வளவு அமுக்கமா வச்சிருந்திருக்க!"

நான் சிரித்தேன். சர்க்கரையைச் சரியாகத்தான் நிறுத்தேன்.

அடுத்த வாரம் பிஜியிலிருந்து ஓர் இளைஞர் வந்து பலகையைக் கழற்றினார். தூதரகம் வந்த பிறகு அதே ஊரில் கௌரவ கன்சல் தேவையில்லையாம். முத்திரையை வாங்கிக்கொண்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். கொடியைத் தெகோரா மடித்துக் கொடுத்தாள். பலகை இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்கள்.

ரூகா வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு நானும் போனேன். வரவேற்பவர்கள் வரிசையில் நிற்க எனக்கு இடமில்லை, வேலிக்கு வெளியே நின்றேன். அவன் என்னைப் பார்த்ததும் அமைச்சரை விட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான். எல்லாரும் பார்த்தார்கள். அவன் தலையில் சில முடி நரைத்திருந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லக் கூடாதுப்பா. உங்க அரசாங்கம் சம்மதம் குடுக்கிற வரைக்கும் பேரு வெளிய போகக் கூடாது. பெத்த அம்மாகிட்டகூட நான் சொல்லல."

"சம்மதம் கிடைச்ச பிறகு?"

"அன்னிக்கே ரேடியோல சொல்லிட்டாங்கப்பா. நான் கூப்பிட்டேன், உங்க லைன் கிடைக்கல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "இனிமே நீங்க ஓய்வா இருங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

நீங்களும் மகன்தான். அப்பாவிடம் இப்படிச் சொல்லியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. நல்ல எண்ணத்தில் சொல்வதுபோல் தோன்றும். ஐந்து தூதர்களுக்கு எங்கே குனிந்து நடக்க வேண்டும், எதை மறுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவனிடம், ஓய்வா இருங்க. நான் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் அவனுக்கு அந்தப் பதவியே கிடைத்தது. இந்தத் தீவின் பேச்சு தெரிந்த ஒரே ஆள் என்று பத்திரிகைக் குறிப்பிலேயே இருந்தது. என் பேச்சு, என் ஓடம், என் பாய். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், விலை போட்டு, திரும்பக் கொண்டுவந்து என்னையே வெளியே நிறுத்தினான். எனக்கு வலித்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அதற்காக நான் எதுவும் செய்திருக்கமாட்டேன். பெரியவர்கள் வந்து பாயைப் பற்றிச் சொல்லும் வரை நான் எதுவும் நினைக்கக்கூட இல்லை.

தூதருக்கு மனேபாவில் ஊர் விருந்து. அவனை எங்கே உட்காரவைப்பது என்று பேச்சு வந்தது. விருந்தாளிகள் பக்கமா, குடும்ப இடத்திலா? அவனே சொல்லிவிட்டானாம், "நான் இந்த ஊர்ப் பிள்ளை, என் குடும்ப இடத்துலதான் உக்காருவேன்" என்று. அப்படியானால் ஒரு நாட்டின் தூதரைப் பின்பாயில் உட்காரவைக்க முடியுமா? ஊர்த் தலைவர் கிழவர் தியாரா கடைக்கு வந்து, பொடி வாங்குவதுபோல் பேச்சைத் தொடங்கினார்.

"யோவ் பவுரோ, ஒரு நாள் கூத்துதானே. நீ கொஞ்சம் பின்னால நகந்துக்க. உன் மகன்தானே முன்னால உக்காரப் போறான், வேத்தாளா?"

"சரி" என்றேன்.

"மனசுல வச்சுக்காதய்யா."

"இதுல என்ன இருக்கு" என்றேன். பொடிக்குக் காசு வாங்கவில்லை.

தெகோரா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "வயித்தெரிச்சல் புடிச்ச மனுஷா, பெத்திருந்தா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவியா?" என்றாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். பிள்ளை வந்துவிட்டான் என்று பூ கட்டிக்கொண்டும் கிழங்கு துருவிக்கொண்டும் பாடிக்கொண்டிருந்தாள். அவளோடு பேசிப் பயனில்லை.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு ஓடத்தை எடுத்தேன். மூழ்கிய கப்பல் பக்கம் என் ஓடத்தைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள் என்று நீங்கள் ஆரம்பத்திலேயே சொன்னீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை என்பதால் மீன்கள் பயமில்லாமல் பெருத்துக் கிடக்கின்றன. பெரிய சிவப்பு மீன் ஒன்று கிடைத்தது. இன்னொரு சிறியதும் கிடைத்தது. சிறியதில் ஒரு துண்டை வெட்டி வீட்டுப் பூனைக்குப் போட்டேன். இது நம் வழக்கம்தான், சந்தேகம் இருந்தால் பூனைக்குப் போட்டுப் பார்ப்பது. மதியத்துக்குள் பூனைக்குப் பின்னங்கால் நிற்கவில்லை. அதனால் பெரிய மீனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லாமல் போனது. அதை ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

என் நோக்கத்தைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சாகடிப்பது என் நோக்கம் இல்லை. இந்த விஷத்தில் பெரும்பாலும் சாவு வராது. வாயும் விரலும் மரத்துப்போகும், குளிர்ந்த தண்ணீர் நெருப்பாகச் சுடும், மாதக்கணக்கில் எழுந்து நடக்க முடியாது. முன்பு ஒரு தூதர் இங்கே காய்ச்சலில் விழுந்தார். விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள், திரும்பி வரவே இல்லை. அவர் இடத்துக்கு வேறு ஆள் போட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடமும் அந்த நாட்டுக்கு இங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. அதுதான் என் மனதில் இருந்தது. சிறிய தீவுக்குத் தூதர் போடும் விஷயத்தில் பெரிய நாடுகளுக்கு அவசரமே கிடையாது. எனக்கு அது தெரியும்.

விருந்து நாளில் மனேபா நிறைந்திருந்தது. ரூகா எங்கள் முன்பாயில் உட்கார்ந்தான். சட்டை முழுக்க எண்ணெய், தலையில் தெகோரா கட்டிய பூவளையம். நான் அவன் முதுகுக்குப் பின்னால். தெகோரா எனக்குப் பின்னால், பெண்களோடு. அந்த இடத்திலிருந்து பார்த்தால் கூடம் தெரியாது, முன்னால் இருப்பவனின் பிடரிதான் தெரியும். எனக்கு வயது அறுபத்தெட்டு. அப்பா போன பிறகு அப்படி ஒரு பிடரியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டதில்லை.

மீன் தலை தலைமை விருந்தாளிக்கு. ஈரலும் அதோடு சேர்ந்தது. அது நம் முறை, நான் ஏற்படுத்தியதல்ல. அவித்த மீனை ஓலைத் தட்டில் அவன் முன்னால் நானே கொண்டுபோய் வைத்தேன். அவன் தலை நிமிர்ந்தான். மற்ற தூதர்கள் யாராக இருந்தாலும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். அவன் நான் வளர்த்த பிள்ளை அல்லவா, கேட்டான்.

"அப்பா, இது எந்தப் பக்கத்து மீன்?"

"வடக்கு வாய். நான் புடிச்சது" என்றேன்.

"நீங்களே போனீங்களா? இந்த வயசுலயா?" அவன் கண் கலங்கிவிட்டது. "அப்ப ஒரு முள்ளக்கூட விடமாட்டேன்."

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவன் மீனின் கன்னச் சதையைப் பிய்த்துத் தின்றான். ருசித்துத்தான் தின்றான். பிறகு ஈரலை எடுத்தான். வாய் வரை கொண்டுபோனவன் நிறுத்தினான். ஒரு துண்டு இலையில் அதை வைத்துத் திரும்பி, என்னிடம் நீட்டினான்.

"அம்மாவுக்குக் குடுங்கப்பா. அவங்களுக்கு ஈரல்னா உசுரு."

முன்பாயில் இருப்பவனிடமிருந்து பின்னால் எது போனாலும் நடுவில் இருப்பவன் கை வழியாகத்தான் போக வேண்டும். இலை என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. கீழே போட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். விருந்தில் பரிமாறியதைக் கீழே போட்டால் கூடம் முழுவதும் திரும்பிப் பார்க்கும், ஏன் என்று கேட்கும். பின்பாயில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் யோசித்துத்தான் பார்த்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

இலையைத் தெகோராவிடம் கொடுத்தேன்.

அவள் அதை இரண்டாகப் பிய்த்தாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நல்லது எது வந்தாலும் இரண்டாகப் பிய்ப்பாள். பெரிய பாதியை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா. உனக்குத்தான் இதுக்கு நாக்கு நீளும்."

"எனக்குப் பசிக்கல" என்றேன்.

"இன்னுமா கோவம்? ஐயே." சிரித்துக்கொண்டே இரண்டு பாதியையும் அவளே தின்றாள்.

சாப்பாடு முடிந்ததும் ரூகா பேசினான். நம் மொழியில், ஒரு பிழை இல்லாமல். அவனுக்கு வேறொரு பெரிய நாட்டில் தூதர் பதவி கொடுத்தார்களாம், வேண்டாம் என்றானாம். இந்தத் தீவுக்குத்தான் போவேன், இல்லையென்றால் வேலையே வேண்டாம் என்று சொன்னானாம். பிறகு சொன்னான்: "இன்னிக்கு ஒரு நாள் என்னை இந்தப் பாயில உக்கார வச்சீங்க. எங்க நாட்டுக்கு நீங்க குடுத்த மரியாதைன்னு ஏத்துக்கறேன். ஆனா இது எங்கப்பா எடம். இந்த விருந்து முடிஞ்சதும் எந்திரிச்சுப் பின்னால போயிடுவேன். இந்தக் கூடத்துல நான் பேச வேண்டியது எது இருந்தாலும் இனிமே அவரு வாயாலதான் பேசுவேன். தூதருக்கும் ஒரு தூதர் வேணும்ல?"

கூடமே சிரித்துக் கைதட்டியது. அவன் எழுந்து, என் தோளைப் பிடித்து எழுப்பி, முன்பாயில் உட்காரவைத்தான். தெகோரா பின்னாலிருந்து, "பாத்தியா, பாத்தியா" என்று என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்போதே சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வாந்தியாவது எடுக்கவைத்திருக்கலாம் என்று டாக்டர் உங்களிடம் சொன்னாராம். இருக்கலாம். அந்த நேரத்தில் முன்பாயில் இருந்தேன், பேசும் உரிமையும் இருந்தது. நான் பேசவும் செய்தேன். ஊருக்கு நன்றி சொன்னேன், பெரியவர்களுக்கு நன்றி சொன்னேன், மகனைப் பாராட்டினேன். நல்ல பேச்சு என்று தியாரா இன்றைக்கும் சொல்கிறார். அந்தப் பேச்சில் நடுவே மீனைப் பற்றிச் சொல்ல வசதியான இடம் வரவில்லை.

சாயங்காலம் தெகோரா, தண்ணீர் சுடுகிறது என்றாள். இருட்டுவதற்குள் அவளால் நிற்க முடியவில்லை. அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனம். டாக்டர் என்ன மீன், எங்கே பிடித்தது என்று கேட்டார். வடக்கு வாய் என்றேன். ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. மூன்றாம் நாள் இறந்தாள். கடைசி வரை, "புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். புள்ளையும் அன்றிரவே விழுந்தான்; அவனை அதற்குள் தனி விமானத்தில் கொண்டுபோயிருந்தார்கள்.

அவன் பிழைத்துவிட்டான். இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறானாம், இந்த வேலைக்குத் திரும்பமாட்டானாம். இப்போதைக்கு வேறு தூதர் யாரையும் போடவில்லை. விசாரணைக்கு வந்த அந்த நாட்டு அதிகாரிகளிடம், "எங்கப்பா மீன் விஷயத்துல பொய் சொல்ல மாட்டாரு, கடல்தான் மாறியிருக்கும்" என்று சொல்லியிருக்கிறான். நீங்கள் மட்டும் ஓடத்தைப் பற்றிக் கேட்டதால் நான் இவ்வளவும் சொன்னேன். ஆம், அது கப்பல் பக்கத்து மீன். தெரிந்தேதான் பிடித்தேன், தெரிந்தேதான் வைத்தேன், தெரிந்தேதான் அந்த இலையை அவள் கையில் கொடுத்தேன். இதில் ஒளிக்க எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று சேர்த்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ரூகா கூப்பிடுகிறான். அழுகிறான். "அந்த ஈரலை நான்தானே அம்மாவுக்குக் குடுத்தேன், நானே தின்னிருந்தா அவங்க இருந்திருப்பாங்களே, என்னை மன்னிச்சிடுங்கப்பா" என்கிறான். நான் வயதில் பெரியவன். மனதில் எதையும் வைத்துக்கொள்பவன் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவனை மன்னித்துவிட்டேன்.